ப்ராக்ஸி வழியே செய்தி படிப்போர் அறிய வேண்டியவை

2025 பிப்ரவரி 15 முதல் விகடன் இணையதளம் வாசகர் பலருக்குத் திறக்கவில்லை. பிரதமரை விலங்கிட்டவராக வரைந்த கேலிச்சித்திரமே காரணம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் நிகழ்ந்த அத்தடையை, சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு விலக்குமாறு மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிமன்றப் படியேறப் பெரிய நிறுவனத்தால் முடியும். ஓரிருவர் நடத்தும் தலித் செய்தித்தளத்தின் நிலை வேறு.

இத்தகைய வேளைகளில் பலரும் நாடுவது ப்ராக்ஸி எனும் இடைநிலைச் சேவையகம். உலாவியின் கோரிக்கையை அது பெற்று, தளத்திடம் கேட்டு, விடையைத் திருப்பித் தருகிறது. ஃபயர்பாக்ஸில் அமைப்புகளின் பொதுப் பகுதியில், கடைசியாக உள்ள நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, சேவையகத்தின் முகவரியையும் போர்ட் எண்ணையும் இட வேண்டும். குரோம் கணினியின் பொது அமைப்பையே பின்பற்றும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை இணைப்பின் கூடுதல் அமைப்புகளில் இதற்கான இடம் உண்டு. ஆனால் அது அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே பொருந்தும். பிற செயலிகள் அதைப் பொருட்படுத்தாமலும் போகலாம்.

செய்முறை இவ்வளவே. யாருடைய சேவையகம் என்பதில்தான் சிக்கல். சாதாரண ப்ராக்ஸிக்கும் உலாவிக்கும் இடையிலான பாதை பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. திறக்கும் தளத்தின் பெயர் இணைய நிறுவனத்துக்கும் தெரியக்கூடும். சேவையகத்தை நடத்துபவரோ, எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குச் சென்றீர்கள் என்பதைக் குறித்து வைக்க இயலும். எச்டிடிபிஎஸ் தளங்களின் உள்ளடக்கம் அவருக்குப் புலப்படாது. ஆனால் அவர் தரும் சான்றிதழை உலாவியில் நிறுவினால் கடவுச்சொல்லும் அவர் கைக்குப் போகும். இலவச ப்ராக்ஸி சான்றிதழ் நிறுவக் கேட்டால் அங்கேயே விலகிவிடுவது நல்லது.

திருச்சி மாநகரின் குப்பையைப் பல பத்தாண்டுகளாகச் சுமக்கும் அரியமங்கலத்தில், தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகளை எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியில்தான் அவர் செய்தி படிக்கிறார். சாதிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கிறார். வன்கொடுமை நேர்ந்தால் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் புகாரும் அனுப்புகிறார். இவையனைத்தும் முகம் தெரியாத ஒருவரின் சேவையகம் வழியே சென்றால், அக்குடும்பத்தின் சாதியும் வழக்கும் அவரது பதிவேட்டில் ஊகிக்கத்தக்கவை ஆகிவிடும். செய்தி படித்து முடித்ததும் ப்ராக்ஸி அமைப்பை நீக்கிவிட்டே இத்தளங்களைத் திறக்க வேண்டும்.