குற்றக்கதையின் ஊற்றுக்கண் – 7: எட்டிக்கொட்டையும் ஒரு கம்பவுண்டர் பெண்ணும்

ஷெர்லாக் ஹோம்ஸுக்கு எடின்பரோவில் ஒரு முன்மாதிரி இருந்தார். டாக்டர் ஜோசப் பெல்லைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அகதா கிறிஸ்டிக்கு அப்படி ஓர் ஆசான் அமையவில்லை. அவர் போலீஸ் வட்டாரத்தில் பழகியவர் அல்லர், நீதிமன்றத்தில் வேலை பார்த்தவரும் அல்லர். ஒரு மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுத்தவர். நம் ஊர் வழக்கில் சொன்னால், கம்பவுண்டர்.

1926 டிசம்பரில் அவர் பதினோரு நாள் காணாமல் போனதைப் பற்றி நூல்களும் படங்களும் இன்றுவரை வந்துகொண்டே இருக்கின்றன. மருந்தகத்தில் அவர் கழித்த காலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவரைப் புரிந்துகொள்ள அந்தக் காலம்தான் உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டக் கடற்கரையில் டார்க்கி என்று ஓர் ஊர். 1890இல் அகதா பிறந்தது அங்கேதான். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது ஊரின் நகர மண்டபமே செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையாக மாறியது. இருபத்து நான்கு வயது அகதா அங்கே தன்னார்வத் தாதியாகச் சேர்ந்தார். பிறகு மருந்தகத்துக்கு மாற்றப்பட்டார். கடையில் மாத்திரை அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் காலம் அன்று. பொடியை நிறுத்து, திராவகத்தை அளந்து, களிம்பைக் குழைத்து, ஒவ்வொரு புட்டியையும் கையாலேயே தயாரிக்க வேண்டும். மருந்தின் அளவும் விஷத்தின் அளவும் அடுத்தடுத்த வீடுகள். 1917இல் இதற்கான தேர்விலும் அவர் தேறினார்.

தேர்வுக்குத் தயாராகும்போது ஊரில் இருந்த ஒரு மருந்தாளுநரிடம் பயிற்சிக்குப் போனார். அங்கே நடந்த ஒன்றைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மருந்தாளுநர் ஒருநாள் ஆசனவாயில் வைக்கும் குளிகைகளைச் செய்து காட்டினார். அகதா மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது. அதனால் மருந்து பத்து மடங்கு வீரியமாகிவிட்டது. ஊரே மதிக்கும் மனிதரிடம் பயிற்சிக்கு வந்த பெண் போய், 'நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்' என்று சொல்ல முடியுமா? சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்வாரா? அகதா குளிகைகள் இருந்த பலகையைத் தட்டிவிட்டு, கீழே விழுந்தவற்றைத் தெரியாமல் மிதிப்பதுபோல் நன்றாக மிதித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டார். புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

அவருடைய எந்தத் துப்பறியும் கதைக்கும் குறையாத விறுவிறுப்பு இந்தச் சின்ன நிகழ்ச்சியில் இருக்கிறது. ஆபத்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முகமூடி போட்டவனிடமிருந்து அல்ல. நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் மனிதரின் கையிலிருந்து.

அதே மருந்தாளுநர் இன்னொரு நாள் தன் சட்டைப் பையிலிருந்து கருநிறக் கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். குராரே. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவும் நஞ்சு. வாயில் போட்டால் ஒன்றும் செய்யாது, இரத்தத்தில் கலந்தால் உடலை முடக்கிக் கொன்றுவிடும் என்று விளக்கினார். அதை ஏன் பையிலேயே வைத்திருக்கிறார் என்பதற்கு அவர் சொன்ன காரணம், அது தன்னிடம் இருப்பது ஒரு வலிமையைத் தருகிறது என்பது. பார்வைக்குச் சாதுவான, நடுவயது ஊர்க்காரர். இந்த மனிதரை அகதா மறக்கவே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1961இல் 'தி பேல் ஹார்ஸ்' எழுதியபோது இவருடைய நினைவே ஒரு முக்கியப் பாத்திரத்துக்கு வித்தானது.

மருந்தகத்தில் பரபரப்பான வேளையும் உண்டு, வேலையே இல்லாத நீண்ட பிற்பகலும் உண்டு. அலமாரி முழுக்க நச்சுப் புட்டிகள். போருக்கு முன்பே அக்கா மேட்ஜ், உன்னால் ஒரு துப்பறியும் கதை எழுத முடியாது என்று சவால் விட்டிருந்தார். ஓய்ந்த பிற்பகல்களில் அந்தச் சவால் நினைவுக்கு வந்தது. எதைக் கொண்டு கொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துப்பறிவாளர் யார் என்பதற்கும் ஊரிலேயே விடை கிடைத்தது. போருக்குத் தப்பி வந்த பெல்ஜிய அகதிகள் பலர் டார்க்கியில் தங்கியிருந்தார்கள். ஓய்வுபெற்ற பெல்ஜிய போலீஸ்காரர் ஒருவர் அவர்களுக்கிடையே இருந்தால் என்ன? ஹெர்குல் பொய்ரோ பிறந்தார். பாதி எழுதிச் சோர்ந்தபோது டார்ட்மூர் மேட்டு நிலத்தில் ஒரு ஓட்டலில் தனியே தங்கி, வெட்டவெளியில் நடந்தபடி பாத்திரங்களின் பேச்சை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து நாவலை முடித்தார்.

அதுதான் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. இனி அதன் முடிச்சை அவிழ்க்கப் போகிறேன். படிக்க எண்ணியிருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கதையில் ஒரு பணக்கார மூதாட்டி ஸ்ட்ரிக்னின் நஞ்சால் சாகிறார். கொலைகாரன் அந்த நஞ்சை வெளியிலிருந்து கொண்டு வரவே இல்லை. மூதாட்டி தினமும் குடித்த சத்து மருந்தில் சிறிதளவு ஸ்ட்ரிக்னின் ஏற்கெனவே இருந்தது. அக்காலத்தில் அது சாதாரண வழக்கம். அந்தப் புட்டியில் அவருடைய தூக்கப் பொடியான புரோமைடைக் கலந்துவிட்டால், கரைந்திருந்த ஸ்ட்ரிக்னின் படிகமாகி அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதைக் குடிக்கும் நாளெல்லாம் ஒன்றும் ஆகாது. கடைசி வேளையில் அத்தனை நஞ்சும் ஒன்றாக உள்ளே போகும். மருந்து கலப்பவர்கள் செய்யவே கூடாதது என்று படித்துப் பாடம் செய்யும் விதி இது. தேர்வுக்குப் படித்த எச்சரிக்கையை அகதா அப்படியே திருப்பிப் போட்டார். கொலை கிடைத்துவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஸ்ட்ரிக்னின் அந்நியச் சரக்கு இல்லை. நம் காடுகளில் ஆரஞ்சு நிறத்தில் பழுத்துத் தொங்கும் எட்டிக்காயின் கொட்டையில் இருப்பது அதுதான். கசப்புக்கு உவமையாக நாம் சொல்லும் அதே எட்டி. பொத்தான்போல் தட்டையான அந்தக் கொட்டையைச் சுத்தி செய்யாமல் சித்த வைத்தியர் தொடமாட்டார். 1818இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் எட்டி இன வித்திலிருந்து ஸ்ட்ரிக்னினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு ஐரோப்பிய மருந்தகங்களில் அது பசியைத் தூண்டும் கசப்பு மருந்தாகவும் எலி பாஷாணமாகவும் ஒரே சமயத்தில் விற்கப்பட்டது.

நாவலைச் சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் பாட்லி ஹெட் ஏற்றது. 1920இல் லண்டன் டைம்ஸின் வாரப் பதிப்பில் அது தொடராகவே முதலில் வெளிவந்தது. அகதாவுக்குக் கிடைத்தது 25 பவுண்டு. ஆனால் அவரை மிகவும் மகிழ்வித்தது இலக்கிய விமர்சனம் எதுவும் இல்லை. மருந்தாளுநர்களின் தொழில் இதழ் எழுதிய மதிப்புரைதான். நஞ்சைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் சரியாக இருக்கிறது என்று அது பாராட்டியது. ஒரே தொழிலைச் செய்பவர் தரும் சான்றிதழுக்கு ஈடு ஏது?

இரண்டாம் உலகப் போரின்போது, புகழின் உச்சியில் இருந்தவர், மறுபடியும் மருந்தகத்துக்கே போனார். இம்முறை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனை. 1940இல் வந்த 'சேட் சைப்ரஸ்' நாவலில் துப்பு ஒரு கிழிந்த மருந்து லேபிள். மார்ஃபின், அபோமார்ஃபின் என்று பெயரில் நெருங்கி, குணத்தில் வேறுபட்ட இரண்டு மருந்துகள். பின்னது வாந்தி எடுக்க வைப்பது. லேபிளை இரண்டு தடவை படித்துப் பழகிய கையிலிருந்துதான் இப்படி ஒரு கதை வரும். அவருடைய துப்பறியும் நாவல்களில் பாதிக்கு மேல் நஞ்சு இருக்கிறது. துப்பாக்கியை அவர் அதிகம் விரும்பவில்லை. துப்பாக்கிக்காரன் தூரத்தில் நின்று சுடலாம். நஞ்சு கொடுப்பவன் தேநீர்க் கோப்பைக்கு அருகில் வர வேண்டும், சாப்பாட்டு மேசையில் உட்கார வேண்டும். அவன் வீட்டு மனிதனாகத்தான் இருக்க முடியும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் வரும் நஞ்சு தாலியம். முடி கொட்டுவது அதன் அடையாளங்களில் ஒன்று. அகதா இறந்தது 1976 ஜனவரியில். அடுத்த ஆண்டு கத்தாரிலிருந்து லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்கு ஒரு பெண் குழந்தையைக் கொண்டு வந்தார்கள். இரண்டு வயதுகூட நிரம்பவில்லை, நினைவு தப்பிக்கொண்டிருந்தது. என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. குழந்தையைக் கவனித்த தாதி அப்போது படித்துக்கொண்டிருந்தது 'தி பேல் ஹார்ஸ்'. குழந்தைக்கு முடி கொட்டத் தொடங்கியதைக் கண்டதும், இது தாலியமாக இருக்குமோ என்று கேட்டார். ஸ்காட்லாந்து யார்டின் ஆய்வகம் சோதித்து, ஆமாம் என்றது. வீட்டில் பூச்சிகளைக் கொல்ல வைத்திருந்த மருந்திலிருந்து வந்த நஞ்சு. சிகிச்சையில் குழந்தை தேறியது. பின்னர் இந்த நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை எழுதிய மருத்துவர்கள், நோய்க்குறிகளை அவ்வளவு துல்லியமாக எழுதி வைத்ததற்காக அகதா கிறிஸ்டிக்கும், நாவலை அவர்கள் கவனத்துக்குக் கொண்டு வந்த தாதிக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

(அடுத்த வாரம்: 1860இல் ரோட் ஹில் மாளிகையில் நடந்த குழந்தைக் கொலையும், வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோனு'ம்)