நோர்டெல் எப்ப உடையத் தொடங்கினது?

அப்பா, மாமாமாரைக் கேட்டுப் பாருங்கோ. நோர்டெல் பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர் ஒருவராவது இருப்பார். பிரம்டன் டிக்ஸி வீதியில் பிறகு ரொஜர்ஸ் வாங்கிய பெரிய கட்டடம்தான் அதன் தலைமையகம். 2000 இல் 90,000க்கு மேற்பட்ட ஊழியர்கள். ரொறன்ரோப் பங்குச்சந்தைச் சுட்டெண்ணின் பெறுமதியில் மூன்றிலொன்று இந்த ஒரு கொம்பனிதான். 2009 ஜனவரி 14 இல் வங்குரோத்து.

டொட்கொம் குமிழி உடைந்ததால் என்று சொல்லுவினம். அது பாதிக் கதை. அதே அடி வாங்கிய சிஸ்கோ இன்றும் நிற்குது. நோர்டெலை ஆராய்ந்து ஒட்டாவாப் பல்கலைக்கழகம் 2014 இல் வெளியிட்ட அறிக்கை, உள்ளே வளர்ந்த அகந்தையையும் ஒரு காரணமாகச் சொன்னது. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் போய்விட்டது.

அஜக்ஸில் இருந்துகொண்டு கொம்பனி மாறி மாறி கொன்ராக்ட் வேலை செய்யிறன். முதல் கிழமையில் ஒன்றைத்தான் பார்ப்பன்: மீட்டிங்கில் ஒருவர் “இது சரிவராது” என்றால், “ஏன்?” என்று கேட்கினமா, அடுத்த ஸ்லைடுக்குப் போகினமா? போனால், கொஞ்ச நாளில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்.

இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கோ: “ஜூனியர் ஒருவர் சொல்லி நீங்கள் கடைசியாக மாற்றிய முடிவு எது?” பதில் வராட்டி, சம்பளத்தைப் பார்த்து மட்டும் கையெழுத்து வைக்காதேங்கோ.