பெட்டியில் இருப்பவரைத் தள்ளுவது யார்?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது கோப்பாய்க் குடும்பங்கள் பலவும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் மாட்டு வண்டிகளிலும் சைக்கிள்களிலும் அகப்பட்டதை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குச் சென்றன. சன நெரிசலில் எல்லாம் ஊர்ந்துதான் போயின. இன்று வீதிகள் காப்பெற் வீதிகள். மூடைகளின் மேல் ஆட்கள் குந்தியிருக்கும் வழக்கம் மாறவில்லை. வேகம் மட்டும் கூடிவிட்டது. ஆகவே ஒரு விஞ்ஞான விடயத்தை நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

சாரதி திடீரெனப் பிறேக் பிடிக்கிறார். பெட்டியில் இருப்பவர் முன்னே விழுகிறார். அவரைத் தள்ளியது யார்?

வீதியோரம் நிற்பவரைக் கேட்டால், ஒருவரும் தள்ளவில்லை என்பார். வெளிவிசை தாக்காதவரை ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும். இது 1687இல் நியூற்றன் வெளியிட்ட முதலாம் விதி. பெட்டி நின்றது; உடல் நிற்கவில்லை.

பெட்டியில் இருப்பவருக்கோ பெட்டிதான் தரை. அங்கிருந்து பார்த்து நியூற்றனின் விதிப்படி கணக்குப் பார்ப்பதானால், ஒரு விசையைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இதைப் போலி விசை என்பர். பொருளின் திணிவைப் பெட்டியின் ஆர்முடுகலால் பெருக்கினால் அதன் அளவு வரும். திசை ஆர்முடுகலுக்கு எதிரானது.

மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். 2 செக்கனில் நின்றால் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் வேகம் குறைகிறது. அப்போது 50 கிலோ வெங்காய மூடை ஒன்று 250 நியூற்றன் விசையோடு, அதாவது ஏறக்குறைய 25 கிலோ பாரம் அழுத்துவதுபோல, முன்னே வரப் பார்க்கும். பத்து மூடை என்றால் 250 கிலோ பாரம். முன்பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால் நிலைமை என்ன?

20 மீற்றர் ஆரையுள்ள வளைவில் அதே வேகத்தில் திரும்பினாலும் இதே அளவு விசைதான். ஆனால் வளைவின் வெளிப்பக்கமாக. இதை மையநீக்க விசை என்பர். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால்வாசியாகிவிடும். அரைகுறையாக நிரம்பிய தண்ணீர்த் தாங்கியிலும் தண்ணீர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வண்டியைப் பிரட்டப் பார்க்கும்.

பெயர்தான் போலி, காயம் போலியல்ல. பெட்டி நிற்கும்போது பாரத்தையும் சேர்த்து நிறுத்தப் போதிய விசை கொடுக்கக்கூடியவை பெட்டியின் பலகையும் இறுக்கிக் கட்டிய கயிறுமே. எனவே:

1. மூடைகளை முன்பலகையோடு அணைத்து அடுக்கிக் கயிற்றால் கட்டுங்கள்.
2. பாரமானவற்றை அடியில் வையுங்கள்.
3. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள்.
4. மூடைகளின் மேலோ அவற்றுக்கு முன்னாலோ பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.