மறந்த கடவுச்சொல்லை மீட்டல்

கடவுச்சொல்லை மறந்தோர்க்குப் பழைய சொல்லையே நிறுவனத்தார் ஏன் கூறுவதில்லை? கூற அவர்களால் இயலாது என்பதே விடை. 1960களில் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக் கணினியொன்றில் எல்லோருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் வெளிப்படையாக இருந்தன. ஒருநாள் அக்கோப்புத் தவறுதலாக உள்நுழைந்தோர் யாவர்க்கும் காட்சியாயிற்று. பின்னர், சொல்லைக் கணித முறையால் மீட்டறியவொண்ணா உருவாக்கி, அவ்வுருவையே சேமிக்கும் வழக்கம் நிலைபெற்றது.

ஆகவே, மறந்தவர் புதுச்சொல் அமைத்தலே வழி. அவர் உரியவரே என்பதற்குக் கைத்தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் எண்ணே பெரும்பாலும் சான்று. அவ்வெண் எவர் கையிலோ, கணக்கும் அவர் கையிலாம்; ஆதலின் வஞ்சகர் அதனையே நாடுவர்.

இதனின்று பெறப்படுவன மூன்று. மீட்கும் முயற்சியை, உரிய செயலியையோ தளத்தையோ திறந்து, நாமே தொடங்கல் வேண்டும். கேளாது வந்த இணைப்பைத் தொடலாகாது. தொலைபேசி எண்ணை மாற்றுவோர், பழைய எண் பிறர் கைப்படுமுன் கணக்குகளிற் புதியதைப் பதிதல் வேண்டும். வந்த எண்ணை எவர்க்கும் உரைத்தலாகாது. “உமக்குத் தவறி வந்த ஆறிலக்க எண்ணை அனுப்புக” என வட்ஸ்அப்பில் நண்பர் கேட்பாராயின், அவர் கணக்கு முன்னரே களவுபோயிருத்தல் கூடும். அவரை அழைத்துக் குரல் கேட்டுத் தெளிக. நட்பின்மேல் நாம் வைத்த நம்பிக்கையே கள்வர்க்குத் திறவுகோலாகாமற் காப்போமாக.