இழுப்பது எளிது, சுமப்பதுதான் பாடு

அமெரிக்காவில் படகையோ கேம்பர் வண்டியையோ பின்னால் மாட்டி இழுக்க நினைப்பவர், பிக்கப் வாங்கும்போது முதலில் பார்ப்பது இழுவைத் திறனைத்தான். நடுத்தர அளவுள்ள ஃபோர்டு ரேஞ்சர் சுமார் 3,400 கிலோ வரை இழுக்கும். பெரிய எஃப்-150, தகுந்த எஞ்சினும் இழுவைச் சாதனங்களும் இருந்தால், 6,000 கிலோவைத் தாண்டும். அப்படியானால் 3,000 கிலோ ட்ரெய்லருக்கு ரேஞ்சரே போதுமே? அவசரப்படாதீர்கள்.

ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பின் கொக்கி மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் பாம்பாக நெளியும். 12 சதவீதம் என்று வைத்தாலும் 360 கிலோ. நான்கு பேர் ஏறினால் இன்னொரு 300. ஐஸ் பெட்டி, விறகு, நாய் எதையும் நான் இன்னும் ஏற்றவில்லை! இவை எல்லாம் இழுக்கும் எடையில் அல்ல, வண்டி தன் மேல் சுமக்கும் எடையில் சேரும்; பல நடுத்தரப் பிக்கப்களின் சுமை எல்லை ஏறக்குறைய இங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல்: கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். சீசா பலகைபோல அது பின்பக்கத்தை அமுக்கி முன்பக்கத்தைத் தூக்கும். முன்சக்கரங்களின் சாலைப் பிடிப்பு குறையும். முன், பின் அச்சுகளுக்கு இடையே தூரம் அதிகமுள்ள, கனமான வண்டியில் இந்தத் தூக்கல் குறைவு.

ஆனால் ட்ரெய்லரே இழுக்காதவருக்கு எஃப்-150 போன்ற பெரிய பிக்கப் வீண் என்பேன். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே இரண்டு மீட்டர் அகலம். நகரத்தில் நிறுத்த இடம் தேடியே அலுத்துப்போவார்.

வாங்கும் முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியுள்ள சுமை எல்லையைப் படியுங்கள். விளம்பரத்தில் வரும் எண் உங்கள் வண்டிக்கானதாக இருக்காது.