உலகப் பாட்டுப் போட்டியில் ராக்கம்மா!

உலகத்திலேயே சிறந்த பாட்டு எது?

இந்தக் கேள்வியை ஒரு வீட்டில் கேட்டுப் பாருங்கள். தாத்தா ஒரு பாட்டைச் சொல்வார். பாட்டி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அம்மா வேறொரு பாட்டைச் சொல்வார். பேரன் சொல்லும் பாட்டை மற்ற மூவரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்!

ஒரு வீட்டிலேயே இப்படி என்றால், உலகம் முழுவதையும் கேட்டால் என்ன ஆகும்?

2002-ம் ஆண்டில் அப்படியும் கேட்டுப் பார்த்தார்கள். கேட்டது, லண்டன் பி.பி.சி. நிறுவனத்தின் உலக வானொலி. 1932-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய அந்த வானொலிக்கு அப்போது 70 வயது. பிறந்தநாளைக் கொண்டாட ஒரு போட்டி வைத்தார்கள். "உலகத்தின் முதல் பத்துப் பாடல்கள் எவை? நேயர்களே, நீங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லுங்கள்!" என்று அறிவித்தார்கள்.

ஓட்டுகள் வந்து குவிந்தன. 150-க்கு மேற்பட்ட நாடுகளில் இருந்து வந்தன. சுமார் 7 ஆயிரம் பாடல்களின் பெயர்கள் வந்தன. அந்த ஆண்டின் இறுதியில் முடிவு வெளியாயிற்று.

முடிவைக் கண்டு உலகமே வியந்தது!

பத்தில் இரண்டு தமிழ்!

முதல் இடம், அயர்லாந்து நாட்டின் தேசபக்திப் பாட்டு ஒன்றுக்குக் கிடைத்தது. இரண்டாம் இடம் நமது "வந்தே மாதரம்". வங்காள எழுத்தாளர் பங்கிம் சந்திரர் எழுதிய அந்தப் பாட்டு, 1952-ம் ஆண்டில் வெளிவந்த "ஆனந்த மடம்" இந்திப் படத்தில் ஒலித்தது. மூன்றாம் இடம், 1987-ல் வெளிவந்த பாகிஸ்தான் நாட்டின் "தில் தில் பாகிஸ்தான்".

நான்காம் இடம் எந்தப் பாட்டு தெரியுமா?

"ராக்கம்மா கையத் தட்டு"!

ஆம்! மணிரத்னம் இயக்கி, ரஜினிகாந்தும் மம்முட்டியும் நடித்து, 1991-ம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த "தளபதி" படத்தின் பாட்டுதான். இசை, இளையராஜா.

ஐந்தாம் இடமும் தமிழுக்கே. அது சினிமாப் பாட்டு அல்ல. திருமலை சந்திரன் பாடிய ஈழத்துப் பாட்டு. "பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது" என்பது அதன் பெயர்.

ஆறாவது, ஈராக் நாட்டுப் பாடகர் காதிம் அல் சாகிர் பாடிய அரபுப் பாட்டு. ஏழாவது, அருண் தாபா பாடிய நேபாளப் பாட்டு. எட்டாவது, அமெரிக்கப் பாடகி ஷேர் பாடிய பாட்டு. ஒன்பதாவது, ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த "சைய்ய சைய்யா". பத்தாவது, இங்கிலாந்தின் "குயின்" குழுவினர் 1975-ல் வெளியிட்ட பாட்டு.

எண்ணிப் பாருங்கள். பத்தில் ஆறு பாடல்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்தவை! உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை.

ரசிகர்கள் சண்டை

செய்தி பரவியதும் தமிழ் ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். "பார்த்தீர்களா, நம் ராஜாவின் பெருமையை!" என்று மார் தட்டிக்கொண்டார்கள்.

ஆனால் மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாக ஒரு சண்டையும் மூண்டது.

"ராக்கம்மா நல்ல பாட்டுதான். ஆனால் இளையராஜா இதைவிட எவ்வளவோ உயர்ந்த பாடல்கள் போட்டிருக்கிறாரே! அவற்றை எல்லாம் விட்டுவிட்டு இதற்கு ஏன் ஓட்டு?" என்றார்கள் சிலர்.

"எம்.எஸ். விசுவநாதன் பாட்டு எங்கே? கே.வி. மகாதேவன் பாட்டு எங்கே?" என்று கேட்டார்கள் மூத்தவர்கள்.

"ஆடவைக்கும் பாட்டுக்குத்தான் காலம்!" என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் அந்தப் பாட்டு வெறும் ஆட்டப் பாட்டு அல்ல. வாலி எழுதிய வரிகள் துள்ளி ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் திடீரென்று கோவில் மணி அடித்தாற்போல ஒரு தேவாரம் வரும். தில்லை நடராசப் பெருமானை நினைத்து அப்பர் சுவாமிகள் பாடியது அது. 1,300 ஆண்டுகளுக்கு முந்திய தேவாரமும், தெருவில் ஆடும் கூத்தும் ஒரே பாட்டில் கைகோத்து நிற்கின்றன.

இன்னொரு செய்தியும் உண்டு. இதைப் பாடியவர்கள் இருவர். ஒருவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். அவருடைய தாய்மொழி தெலுங்கு. மற்றவர் சுவர்ணலதா. அவர் கேரளத்தில் பிறந்தவர். உலகப் போட்டியில் தமிழுக்குப் பெருமை தேடித் தந்த குரல்கள், பக்கத்து மொழிக்காரர்களின் குரல்கள்! சுவர்ணலதா 2010-லும், வாலி 2013-லும், பாலசுப்பிரமணியம் 2020-லும் மறைந்தார்கள். பாட்டு இருக்கிறது.

ஓட்டு எப்படி வந்தது?

இந்தப் போட்டிக்கு ஓட்டுச் சீட்டு கிடையாது. இணையத்தின் வழியாகத்தான் ஓட்டு.

2002-ம் ஆண்டில் கைபேசியில் இணையம் பார்க்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை. சென்னைக்குத் தெற்கே உள்ள சிறுசேரியில், இன்றுள்ள கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கவில்லை. தாம்பரத்தில் இருந்தும் மேடவாக்கத்தில் இருந்தும் பஸ் ஏறி அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர், அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக் கணக்கில் காசு கொடுத்துத்தான் இணையம் பார்க்க வேண்டும்.

அப்படி இருந்தும் ஓட்டுப் போட்டார்கள்! வெளிநாடுகளில் வேலை பார்த்த தமிழர்களும் போட்டார்கள். ஒருவர் பத்துப் பேருக்குக் கடிதம் அனுப்புவார். அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்புவார்கள்.

தமிழர்கள் மட்டுமா? முதல் இடம் பெற்ற அயர்லாந்துக்காரர்களும் இதே வழியில்தான் வென்றார்கள். அவர்களுடைய பாட்டு 1840-களில் தாமஸ் டேவிஸ் என்ற கவிஞர் எழுதிய விடுதலைப் பாட்டு. அதை "உல்ஃப் டோன்ஸ்" என்ற குழுவினர் பாடியிருந்தார்கள். கடைசி நேரத்தில் ரசிகர்கள் மின்னஞ்சல் அனுப்பி ஆள் சேர்த்தார்கள். பாட்டு முதல் இடத்துக்குப் போய்விட்டது!

முதல் மூன்று பாட்டுகளையும் கவனியுங்கள். மூன்றுமே தாய்நாட்டைப் பாடுபவை. உலகத்தார் காதால் கேட்டு ஓட்டுப் போட்டார்களா, கொடியைப் பார்த்து ஓட்டுப் போட்டார்களா?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாக்காரர்கள் முன்பே ஒரு வழி கண்டிருக்கிறார்கள்.

"உன் நாட்டுக்கு நீ போடாதே!"

ஐரோப்பாவில் ஆண்டுதோறும் ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறது. "யூரோவிஷன்" என்று பெயர். ஒவ்வொரு நாடும் தன் சார்பில் ஒரு பாட்டை அனுப்பும். கோடிக்கணக்கானவர்கள் டெலிவிஷனில் பார்ப்பார்கள். கிரிக்கெட் போட்டி போலக் கொடி பிடித்து ஆரவாரம் செய்வார்கள்.

முதல் போட்டி 1956-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் நடந்தது. ஏழு நாடுகள் கலந்துகொண்டன. அந்த ஆண்டில் நடுவர்கள் தங்கள் சொந்த நாட்டுக்கும் ஓட்டுப் போடலாம். ஓட்டு ரகசியம். யாருக்கு எத்தனை என்று வெளியே சொல்லவே இல்லை. வென்ற நாடு எது? சுவிட்சர்லாந்துதான்!

மறு ஆண்டே விதியை மாற்றினார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம், ஆனால் தன் சொந்த நாட்டுக்குப் போடக்கூடாது! 1957-ல் வந்த அந்த விதி இன்றும் இருக்கிறது.

இதனால் என்ன லாபம்? ஒருவன் ஓட்டுப் போட வேண்டுமானால், அடுத்த நாட்டுப் பாட்டைக் கேட்டே தீர வேண்டும். தன் பாட்டு வெல்ல வேண்டுமானால், தன் மொழி தெரியாதவன் மனதைத் தொட வேண்டும். 1974-ல் சுவீடன் நாட்டின் "ஆபா" குழுவினர் இந்தப் போட்டியில் வென்றார்கள். பிறகு உலகப் புகழ் பெற்றார்கள்.

1990-களின் பிற்பகுதியில் டெலிபோன் மூலம் பொதுமக்களும் ஓட்டுப் போட வழி வந்தது. 2023 முதல் போட்டியில் சேராத நாட்டுக்காரர்களும் பணம் கட்டி இணையத்தில் ஓட்டுப் போடலாம். அந்த ஓட்டுகளை எல்லாம் சேர்த்து ஒரே நாட்டின் ஓட்டாகக் கணக்கிடுவார்கள்.

விதியும் தப்பவில்லை

விதி வந்துவிட்டது. சண்டை தீர்ந்ததா? இல்லை!

"என் நாட்டுக்குத்தானே போடக்கூடாது? என் பக்கத்து நாட்டுக்குப் போடுகிறேன்!" என்று கிளம்பினார்கள். சைப்ரஸ் நாடு கிரீசுக்கு முழு மார்க் கொடுக்கும். கிரீஸ் சைப்ரசுக்கு முழு மார்க் கொடுக்கும். அது முன்கூட்டியே தெரிந்த கதை. மார்க்கை அறிவிக்கும்போதே அரங்கத்தில் இருப்பவர்கள் சீட்டி அடித்துக் கேலி செய்வார்கள்.

2022-ல் வேறொன்று நடந்தது. ரஷியப் படை உக்ரைனுக்குள் புகுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இத்தாலியின் டூரின் நகரில் போட்டி. நடுவர்கள் இங்கிலாந்துப் பாட்டுக்கு முதல் இடம் கொடுத்தார்கள். உக்ரைனுக்கு நான்காம் இடம்தான். பிறகு பொதுமக்கள் ஓட்டு வந்தது. உக்ரைனுக்கு 439 மார்க்! உக்ரைன் வென்றது.

"இது பாட்டுக்கு விழுந்த ஓட்டா, பரிதாபத்துக்கு விழுந்த ஓட்டா?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். "பிழைத்திருக்கப் போராடுகிறவர்களுக்கு, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல வேறு என்ன வழி?" என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

ஐந்தாவது பாட்டு

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, 2002-ம் ஆண்டுப் பட்டியலின் ஐந்தாம் இடத்தை மறுபடி பாருங்கள்.

"பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது" என்பது ஊரை விட்டு நடந்து போகிறவர்களின் பாட்டு. அதற்குப் பின்னால் பெரிய சினிமாக் கம்பெனி இல்லை. பெரிய நடிகர் இல்லை. சுவரொட்டி இல்லை. அப்படியானால் யார் ஓட்டுப் போட்டிருப்பார்கள்?

1983-க்குப் பிறகு இலங்கையில் நடந்த போரினால் லட்சக்கணக்கான தமிழர்கள் வீடு வாசலை இழந்தார்கள். அண்ணன் கனடாவில், தங்கை சுவிட்சர்லாந்தில், பெற்றோர் யாழ்ப்பாணத்தில் என்று குடும்பங்கள் சிதறின. ஊர்ச் செய்தி தெரிய, பி.பி.சி.யின் தமிழோசையைச் சிற்றலையில் காது வைத்துக் கேட்டவர்கள் அவர்கள். 2002 பிப்ரவரியில் போர் நிறுத்தம் வந்தது. அதே ஆண்டில் அதே வானொலி, "உங்கள் பாட்டு எது?" என்று கேட்டது.

நெடுநாள் செய்தி கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு, பதில் சொல்ல ஒரு வாய்ப்பு! தங்கள் பாட்டைச் சொன்னார்கள். இனிமையில் இது ஐந்தாவதா, ஐம்பதாவதா என்று அவர்கள் அளந்து பார்த்திருப்பார்களா? "நாங்கள் நடந்தோம், எங்கள் குழந்தைகள் நடந்தார்கள்" என்று உலகத்துக்குத் தெரிவிக்க ஓர் இடம் கிடைத்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

தமிழோசை வானொலி ஒலிபரப்பு 2017-ல் நின்றுவிட்டது. அந்தப் பட்டியல் மட்டும் நிலைத்துவிட்டது.

எது வெற்றி?

நான்காம் இடம் கிடைத்ததால் உலகத்தின் நான்காவது சிறந்த பாட்டு ராக்கம்மாதான் என்று சொல்லிவிட முடியாது. தமிழர்கள் கூடி நின்று ஓட்டுப் போட்டார்கள் என்றுதான் அது காட்டுகிறது. தன் பிள்ளையைத் தானே மெச்சிக்கொள்வதில் தப்பு இல்லை. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் வந்து, "உங்கள் பிள்ளை கெட்டிக்காரன்" என்று சொன்னால், அந்தப் பெருமையே வேறு!

அந்தப் பெருமை நமக்குக் கிடைக்க வேண்டுமானால், நாமும் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் அல்லவா?

2002-ல் ராக்கம்மாவுக்கு ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர், ஏழாம் இடத்தில் இருந்த நேபாளப் பாட்டைத் தேடிக் கேட்டிருப்பார்கள்? அப்போது தேடுவது கஷ்டம். இப்போது கஷ்டம் இல்லை. பத்துப் பாடல்களும் கைபேசியில் கிடைக்கின்றன.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பிறகு ஓட்டெடுப்பு நடத்துங்கள். ஒரே ஒரு நிபந்தனை: தமிழ்ப் பாட்டுக்கு ஓட்டுப் போடக்கூடாது!

தாத்தாவின் ஓட்டு அரபுப் பாட்டுக்கு விழுந்தாலும் விழும்!