வயசான பென்ஸுக்கு எந்த டயர்?

பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் டயர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும்?" என்றுதான். தினமும் ஓடுகிற டாக்ஸிக்கு அது சரியான கேள்வி. வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டரைத் தாண்டாத ஒரு காருக்கு அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 கி.மீ. உழைக்கும் டயரை அந்தக் காரில் மாட்டினால், தேய்ந்து முடிய பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ரப்பர் அவ்வளவு நாள் ரப்பராக இருக்காது. தேய்மானம் எப்படி இருந்தாலும் ஆறு வருஷத்தில் மாற்றிவிடச் சொல்கின்றன மெர்சிடிஸ் கையேடுகள். மிச்செலின் கொஞ்சம் தாராளம்: ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் பரிசோதனை, பத்து வருஷம் ஆனால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆறு வருஷத்தில் நம் கார் ஓடப்போவது 24,000 கி.மீ. ஆக, 35,000 கி.மீ. மட்டுமே வரும் மென்மையான டயரை வாங்கினாலும் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. கடினமான 'மைலேஜ்' டயருக்குக் காசு கொடுப்பது, அனுபவிக்கவே போகாத ஆயுளுக்குக் கொடுப்பது. அதோடு சத்தமும் குலுக்கலும் இலவசம்.

இதையெல்லாம் நான் தோண்ட ஆரம்பித்தது கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமாவுக்காக. அவரிடம் இருப்பது 1996-ம் வருஷ இ220. பென்ஸ் பிரியர்கள் டபிள்யூ124 என்று சொல்லும் வகை. 1995-ல் மெர்சிடிஸ் புனேயில் டெல்கோவுடன் சேர்ந்து முதன்முதலில் பூட்டிய கார் இதுதான். ஜெர்மனியில் அந்த நேரத்தில் இதற்கு அடுத்த மாடல் வந்துவிட்டது என்பது வேறு கதை. அத்தைக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்து பொள்ளாச்சி வரை போய் வந்தாலே இரண்டு நாள் படுக்கை. "வண்டி பழசாயிடுச்சு, குலுக்கத்தானே செய்யும் மாப்ளே" என்றார் மாமா. டயரில் பட்டன் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது, பார்க்க ஜோராக இருந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், உள்பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் 2313 என்று இருக்கிறது. 2013-ம் வருஷம் 23-வது வாரம்.

அந்த நான்கு இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பல டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுகச் செய்கின்றன. நிறுத்தியே வைத்திருக்கும் காரில் இது இன்னும் மோசம். டயர் உருளும்போது அதில் கலந்திருக்கும் மெழுகும் பாதுகாப்பு ரசாயனமும் மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ரப்பரைக் காக்கின்றன, நின்ற இடத்திலேயே நின்றால் அது சரியாக நடப்பதில்லை. இறுகிய டயர் குலுக்குகிறது என்பது சின்னப் பிரச்சினை. ஈரச் சாலையில் பிடிக்காது, கோடை மதியத்தில் நெடுஞ்சாலை வேகத்தில் பட்டன் பட்டை பிரிந்து போகவும் கூடும் என்பதுதான் பெரிய பிரச்சினை. அத்தையின் முதுகுக்காக ஆரம்பித்த விசாரணை இங்கே வந்து நின்றது.

சரி, மாற்றுவது என்று முடிவாயிற்று. எந்த அளவு?

இந்தக் காரின் அளவு 195/65 ஆர்15. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, அதாவது சுமார் 127 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மொத்த விட்டம் 634 மி.மீ. சொச்சம். மாமா போன ஒரு கடையில், "பதினேழு இஞ்ச் அலாய் போட்டுக்கங்க சார், வண்டி லுக்கே மாறிடும்" என்று 225/45 ஆர்17-ஐக் காட்டியிருக்கிறார்கள். மொத்த விட்டம் கிட்டத்தட்ட மில்லிமீட்டர் பிசகாமல் அதே 634. ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது, ஃபெண்டரில் உரசாது. ஆனால் பக்கச்சுவர் 127-லிருந்து 101 மி.மீ. ஆகிவிடும். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் காற்று மெத்தையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அலுமினியத்தை வைப்பதுதான் இது. காரை முதலில் தாங்குவது அந்தக் காற்றுதான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதற்குப் பிறகே வேலைக்கு வருகின்றன. இந்தக் காரை வடிவமைத்தவர்கள் 127 மி.மீ. சுவரை மனதில் வைத்துத்தான் சஸ்பென்ஷனைப் பதப்படுத்தினார்கள். லுக் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முதுகு வலிக்காமல் போக வேண்டும் என்பவர்கள் பதினைந்திலேயே இருங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு ஆசை உண்டு: இன்னும் உயரமான சுவராக 205/65 ஆர்15 போட்டால் மெத்தை பெரிதாகுமே? சுவர் ஆறு மில்லிமீட்டர் கூடும், விட்டம் இரண்டு சதவீதம் கூடும். ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள்ளே உரசுகிறதா என்று பார்க்க வேண்டி வரும். அந்த ஆறு மில்லிமீட்டருக்கு இவ்வளவு தொல்லை தேவையில்லை. இந்தக் காரின் அதிர்ஷ்டம், அதன் சொந்த அளவு அனாதை அளவு ஆகிவிடவில்லை. ஆக்டேவியா, கொரோலா ஆல்டிஸ் போன்ற கார்களும் அதே அளவில் வந்ததால் இன்றும் அதில் டயர் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய பழைய சொகுசுக் கார்கள் பலவற்றுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, அபூர்வ அளவு வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்.

அளவுக்குப் பக்கத்தில் 91எச், 91வி என்று இருக்கும். 91 என்பது சுமை எண், ஒரு டயர் 615 கிலோ தாங்கும். நாலும் சேர்ந்தால் 2,460 கிலோ. ஆள், சாமான் எல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கார் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. சில டயர்களில் அதே அளவிலேயே 95 என்றும் எக்ஸ்எல் என்றும் இருக்கும். ஒவ்வொன்றும் 690 கிலோ தாங்கும். கூடுதல் பலம் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அந்தப் பலம் வருவது விறைப்பான கட்டமைப்பிலிருந்து. இந்தக் காருக்கு அது வேண்டாம். எழுத்து வேகத்தைச் சொல்கிறது: டி 190, எச் 210, வி 240 கி.மீ. வரை. கையேட்டில் இருக்கும் எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம், தேவையில்லாமல் மேலே ஏறவும் வேண்டாம்.

கடையில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து 'சாஃப்ட்' என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட உருப்படியான தகவல் பல டயர்களின் சுவரிலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பட்டன் பகுதியில் எத்தனை அடுக்கு எஃகு, பாலியஸ்டர், நைலான், பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு பாலியஸ்டர் என்று. சுவரில் ஓரடுக்கு இருந்தால் பொதுவாக இலகுவாக வளையும், ஈரடுக்கு இருந்தால் பள்ளத்தில் அடிபடும்போது தாக்குப்பிடிக்கும். நம்ம ஊர் ரோட்டுக்கு ஓரடுக்கு தாங்குமா என்ற பயம் நியாயமானது. ஆனால் 127 மி.மீ. உயரம் இருப்பதால், பள்ளத்தில் விழுந்தாலும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் சுவர் நசுங்கிப் புடைக்கும் வாய்ப்பு 45 சீரிஸ் டயரைவிட நன்றாகவே குறைவு. இறுதி முடிவு ரப்பர் கலவையையும் பொறுத்தது, ஆகவே இதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு ஐரோப்பிய லேபிளில் இருக்கும் டெசிபல் எண்ணை இணையத்தில் தேடி ஒப்பிடுபவர்கள் உண்டு. அந்த எண் காருக்கு வெளியே, சாலையோரம் வைத்த மைக்கில் அளந்தது. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் காதுக்கு வரும் சத்தம் அது இல்லை. இதைவிட, நிறுவனங்கள் எந்த வரிசையை எதற்காகச் செய்கின்றன என்று பார்ப்பது பலன் தரும். மிச்செலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, கான்டினென்டல் கம்ஃபர்ட்கான்டாக்ட் எல்லாம் அமைதியும் சொகுசும் முன்னிறுத்தி விற்கப்படும் வரிசைகள். அவற்றில் உங்கள் அளவில் எது கிடைக்கிறதோ, எதன் பிறந்த தேதி புதிதாக இருக்கிறதோ, அதை வாங்குங்கள். பிராண்ட் சண்டையைவிடத் தேதி முக்கியம். கடையில் இரண்டு வருஷம் தூங்கிய பிரபல டயரைவிட மூன்று மாதத்துக்கு முன் பிறந்த இரண்டாவது தேர்வு எனக்குப் போதும். பில் போடுவதற்கு முன்னால் நாலு டயரின் தேதியையும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டயர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. இருபது வயதைத் தாண்டிய காரில் முன் கீழ்க்கை புஷ்கள், பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் ஐட்லர் புஷ், பின்னால் பக்கத்துக்கு ஐந்து கைகள், அவற்றின் புஷ்கள் என்று ரப்பர் சாமான்கள் எத்தனையோ. எல்லாமே டயரைப் போலவே வயசாகி இறுகுபவை. பழைய டயரைக் கழற்றுவதற்கு முன் அதன் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். பட்டன் விளிம்புகள் ஒரு பக்கமாக ரம்பம் போல் குத்தினால் அலைன்மெண்ட் போயிருக்கிறது. ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். ரோடு மாறும்போது இரைச்சலும் மாறினால் அது டயர் சத்தம். எந்த ரோட்டிலும் ஒரே உறுமல், வேகத்தோடு மட்டும் ஏறுகிறது என்றால் வீல் பேரிங்கைப் பாருங்கள். புஷ் வேலையை முடித்துவிட்டு அலைன்மெண்ட் பார்ப்பதுதான் முறை. தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை காசு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது அதிகமில்லை. பென்ஸில் நட்டு கிடையாது, போல்ட்தான். இறுக்கம் 110 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று முறுக்கி முடிக்காமல், டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். ஸ்டீல் ரிம்முக்கும் அலாய்க்கும் போல்ட்டின் நீளம் வேறு, கலந்துவிடக் கூடாது. ஹப்பின் நடுத்துளை 66.6 மி.மீ. வெளி அலாய் போட்டிருந்தால் அந்தத் துளை பெரிதாக இருக்கலாம், நடுவில் வளையம் இல்லாவிட்டால் எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டியரிங் நடுங்கும். மாமா காரில் இருப்பது கம்பெனி அலாய், பதினைந்து ஓட்டை போட்டது. ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'குல்லிடெக்கல்', சாக்கடை மூடி.

காற்று எவ்வளவு என்பது பெட்ரோல் ஊற்றும் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. சாதாரணச் சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. பங்கில் எல்லாக் காருக்கும் 35 என்று அடிப்பார்கள், அத்தனையும் முதுகில்தான் இறங்கும். அதற்காக ஸ்டிக்கரில் இருப்பதற்குக் கீழேயும் போகக் கூடாது, டயர் சூடேறிக் கெடும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், சூடேறாத நிலையில் பாருங்கள். பத்து டிகிரி சூட்டுக்கு ஒன்றரை பிஎஸ்ஐ போல ஏறும். நைட்ரஜன் வேண்டுமா என்று மாமா கேட்டார். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், தவறாமல் பார்க்கப் பழகினால் போதும்.

இன்னொன்று, டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி. இந்தக் காரில் அதுவும் முழு அளவு டயர்தான், ஆகவே அஞ்சாவதாக அதற்கும் ஒன்று வாங்குங்கள். மாமா காரின் ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்தோம். ஒருநாள்கூட ரோட்டைத் தொடாதது, வார்ப்பில் வந்த ரப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன. "இது புதுசாத்தானே இருக்கு, இதை ஏன் மாப்ளே மாத்தணும்?" என்றார். தேதியைத் துடைத்துப் பார்த்தோம். மூன்றே இலக்கம். 2000-க்கு முன்னால் செய்த டயர்களில்தான் அப்படி இருக்கும்.